அப்பா கேள்வி, தம்பி கேள்வி, அம்மா கேள்வி

பூய் சான் நான்கு பக்கம் எழுதியிருந்தாள். கூடுதல் தாள் கேட்டு வாங்கி, கை வலிக்க வலிக்க எழுதியிருந்தாள். இருபதுக்கு நான்கு மதிப்பெண் வந்தது.

பக்கத்துக்கு ஒன்று என்று போட்டுவிட்டார் போலிருக்கிறது!

விடைத்தாளின் அடியில் புவியியல் ஆசிரியர் பூன் சார் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: 'நல்ல கட்டுரை. கேள்வி எங்கே?'

பூய் சானுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. புயலைப் பற்றி அவளுக்குத் தெரியாதது என்ன இருக்கிறது? புயல் பாடம் முழுவதையும் மூச்சுவிடாமல் ஒப்பிப்பாளே! தொடக்கப் பள்ளியில் ஒப்பித்தல் போட்டி என்றால் முதல் பரிசு அவளுக்குத்தான். உயர்நிலைப் பள்ளிக்கு வந்த முதல் வருடத்திலேயே இப்படி ஒரு அடி விழும் என்று அவள் நினைக்கவே இல்லை.

வகுப்பு முடிந்ததும் சாரிடம் போய் நின்றாள்.

"சார், நான் எழுதினதுல ஏதாவது தப்பா?"

"ஒரு வரி கூடத் தப்பில்ல."

"அப்ப ஏன் சார் நாலு?"

பூன் சார் கேள்வித்தாளை எடுத்து மேசைமேல் விரித்தார். "நான் மூணு கேள்வி கேட்டேன். நீ மூணுக்கும் ஒரே பதில எழுதி வெச்சிருக்க. திரும்பத் திரும்பப் படிச்சு எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு. 'கடல்நீர் இருபத்தாறு டிகிரிக்கு மேல் சூடாகும்போது...' சரியா?"

"சரி சார். ஆனா மூணுமே புயல் கேள்விதானே?"

"புயலைப் பத்தின கேள்விதான். மூணும் ஒரே கேள்வியா? முதல் கேள்வியில என்ன கேட்டிருக்கேன், பாரு."

பூய் சான் படித்தாள். 'படத்தில் காட்டப்பட்டுள்ள புயலின் பாதையை விவரி.' அடுத்தது, 'கரையைக் கடந்ததும் இப்புயல் வலுவிழந்ததற்குக் காரணம் கூறு.' மூன்றாவது, 'துறைமுகத்தை முன்கூட்டியே மூடியது சரியா? முடிவு செய்து, ஏன் என்று எழுது.'

"வியாழக்கிழமை மறுதேர்வு. அதுக்குள்ள யோசி" என்றார் சார். மணி அடித்தது. தேநீர்க் குடுவையைத் தூக்கிக்கொண்டு அடுத்த வகுப்புக்குப் போய்விட்டார்.

யோசிக்க என்ன இருக்கிறது? இன்னும் நன்றாக மனப்பாடம் செய்ய வேண்டியதுதான் என்று பூய் சான் முடிவு கட்டினாள்.

அன்று மாலை அம்மா விடைத்தாளைப் பார்த்தாள். அம்மா கடலுக்கு அக்கரையில், அபர்டீன் மீன் சந்தையில் வேலை செய்பவள். பேரம் பேசிப் பேசித் தொண்டை கரகரத்தவள். ஆனால் அன்றைக்கு அவள் கத்தவில்லை. அதுதான் பூய் சானுக்குப் பயமாக இருந்தது.

அம்மா எழுந்து போய், சுவரில் தொங்கிய மேளக் குச்சிகள் இரண்டையும் எடுத்து அலமாரியின் உச்சியில் வைத்தாள்.

"மறுதேர்வுல பாஸ் பண்ணு, எடுத்துத் தரேன். பண்ணலன்னா திங்கட்கிழமை வான் லுங் அடிக்கட்டும்."

பூய் சானுக்குத் தலையில் இடி விழுந்ததுபோல் ஆகிவிட்டது.

திங்கட்கிழமைதான் டிராகன் படகுப் போட்டி. அவர்கள் தீவிலுள்ள சோக் க்வூ வான் துறையின் சிறுவர் படகுக்கு அவள்தான் மேளக்காரி. படகின் முனையில் உட்கார்ந்து அவள் அடிக்கும் அடிக்குத்தான் மற்ற பிள்ளைகள் துடுப்புப் போட வேண்டும். குளிர்காலம் முடிந்ததிலிருந்து பழகிக்கொண்டிருக்கிறாள். வான் லுங் அவளுடைய பெரியப்பா மகன். தாளம் என்றால் கிலோ என்ன விலை என்று கேட்பான்.

பூய் சானிடமும் ஒரு குறை உண்டு. அதையும் சொல்லிவிட வேண்டும். அவசரக்காரி. பயிற்சியில் ஊதல் ஒலிப்பதற்கு முன்பே 'டம்' என்று அடித்துவிடுவாள். பின்னால் நின்று சுக்கான் பிடிக்கும் குவாய் மாமா தலையில் அடித்துக்கொள்வார். வீட்டிலும் துறையிலும் அவள் 'ஆ சான்'.

"ஏ ஆ சான்! ஊதினாத்தான் அடிக்கணும். ஒனக்கு அடிக்கணும்னு தோணும்போதெல்லாம் அடிச்சா அது மேளம் இல்ல, கதவத் தட்டறது!"

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

*

மறுநாள் பள்ளிக்குப் போகும் காலைப் படகில் திங் யான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவளும் பூய் சானும் ஒரே துறை, ஒரே வகுப்பு. திங் யானுக்கு ஒரு பழக்கம். இரண்டு பொருளை ஒன்றாகப் பார்த்துவிட்டால் போதும், அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து மேய்ந்துவிடுவாள்.

"எனக்குப் பதினாலு, ஒனக்கு நாலு. ஆனா நான் எழுதினது ஒண்ணரைப் பக்கம், நீ எழுதினது நாலு பக்கம். என் கையெழுத்து கோழி கிளறினது மாதிரி, ஒன்னுது அச்சு மாதிரி. ரெண்டு பேரும் பேரை மட்டும் ஒழுங்கா எழுதியிருக்கோம்."

"வாய மூடறியா?"

"உண்மையச் சொன்னேன்பா."

பூய் சான் முகத்தைத் திருப்பிக்கொண்டு புயல் பாடத்தை முணுமுணுக்க ஆரம்பித்தாள்.

புதன்கிழமை மதியம் மூன்றாம் எண் புயல் கூண்டு ஏற்றிவிட்டார்கள். வகுப்பே குதித்தது. எட்டாம் எண் ஏறினால் மறுநாள் பள்ளிக்கூடம் கிடையாது. தேர்வும் கிடையாது!

"எட்டு! எட்டு! எட்டு!" என்று பின்வரிசைப் பையன்கள் மேசையைத் தட்டினார்கள்.

பூன் சார் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தார். "எனக்கும் ஆசைதான். ஆனா எட்டாம் எண் ஏறினாலும் மறுதேர்வு ஓடிப் போயிடாது. வெள்ளிக்கிழமை வந்து நிக்கும்."

அப்படி இருந்தும் பூய் சானுக்கு ஆசை விடவில்லை. சோக் க்வூ வானில் படகைவிட்டு இறங்கியதும் நேரே கடல் அம்மன் தின் ஹாவ் கோயிலுக்குப் போனாள். கைகூப்பி நின்றாள்.

"அம்மா, எட்டாம் எண் மட்டும் ஏத்திடு. ஒரு நாள் போதும்."

சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. புயலிலிருந்து மீனவர்களைக் காப்பாற்றும் தெய்வத்திடமே புயல் கேட்டாகிவிட்டது! தீயணைப்பு நிலையத்துக்குப் போய்த் தீப்பெட்டி கேட்பதுபோல. அதுவும் அப்பாவின் மீன் மிதவை அந்தத் துறையில்தான் இருக்கிறது. பூய் சான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"இல்லம்மா, நான் சும்மா சொன்னேன். வேணாம்" என்று அவசரமாகத் திருப்பி வாங்கிக்கொண்டு ஓடினாள்.

*

துறையின் நடுவில் பலகையும் பீப்பாயும் சேர்த்துக் கட்டிய மிதவை. அதன் கீழே வலைக் கூண்டுகளில் களவா மீன்கள். அந்தக் குடும்பத்தின் சோறு அந்த வலைகளுக்குள்தான் நீந்திக்கொண்டிருக்கிறது.

பூய் சான் சிறு படகில் போய்ச் சேர்ந்தபோது, அப்பா வடக்குப் பக்கத்துக் கயிற்றை இரட்டையாகக் கட்டிக்கொண்டிருந்தார். கை முழுக்கப் பாசி. தம்பி ஆ கிட் உயிர்காப்புச் சட்டையை மாட்டிக்கொண்டு மிதவைக் குடிசையின் வாசலில் பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தான். அவனுக்கு ஏழு வயது. வாய்க்கு மட்டும் எழுபது வயது.

"ஆ சான், நல்ல நேரத்துக்கு வந்த. என் கை ஈரம். ஒன் ஃபோனை எடு, புயல் என்ன ஆச்சுன்னு பாத்துச் சொல்லு."

பூய் சான் ஃபோனில் வானிலை நிலையத்தின் வரைபடத்தைத் திறந்தாள். புயல் என்ற சொல்லைக் கேட்டதுமே அவள் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"கடல்நீர் இருபத்தாறு டிகிரிக்கு மேல் சூடாகும்போது, ஈரமான காற்று மேலே எழும்பி, அங்கே காற்றழுத்தம் குறைந்து..."

அப்பா நிமிர்ந்து பார்த்தார்.

"...சுற்றியுள்ள காற்று அந்த இடத்தை நோக்கி விரைந்து, பூமியின் சுழற்சியால்..."

"ஏம்மா! நான் என்ன கேட்டேன், நீ என்ன சொல்ற? அது எப்படிப் பொறந்துச்சுன்னு எனக்கெதுக்கு? ஜாதகமா எழுதப் போறேன்?"

பட்டுக்கோட்டைக்கு வழி கேட்டால் கொட்டைப்பாக்குக்கு விலை சொன்ன கதைதான்.

"எங்க இருக்கு? எந்தப் பக்கம் நகருது? எவ்வளவு வேகம்? படத்துல இருக்கறதச் சொல்லு, போதும்!"

பூய் சான் வரைபடத்தைப் பார்த்தாள். முதல்முறையாக உண்மையிலேயே பார்த்தாள்.

"நமக்குத் தென்கிழக்க இருக்குப்பா. ஒரு நானூறு கிலோமீட்டர். நேத்து நேரா வடக்க வந்திருக்கு. இன்னிக்குக் காலையில இருந்து வடமேற்கா திரும்பிடுச்சு. மணிக்கு இருபது கிலோமீட்டர் வேகம். கோடு நமக்கு மேற்கால கடந்து போகுது."

அப்பா கையில் இருந்த கயிற்றை அப்படியே போட்டார்.

"திரும்பிடுச்சா? நேத்து பாத்ததை நம்பி வடக்குல கட்டிட்டு இருக்கேனே! மேற்கால போச்சுன்னா நமக்குக் காத்து கிழக்கேருந்துதான் அடிக்கும். துறையோட வாயும் கிழக்கதான். எழுந்திரு, எழுந்திரு! அந்தப் பக்கம் கயிற்றைத் தூக்கு!"

இருவரும் கிழக்குப் பக்கம் ஓடினார்கள். பலகை ஆடியது. அப்பா முடிச்சுப் போட, பூய் சான் கயிற்றை இழுத்துப் பிடித்தாள். உள்ளங்கை எரிந்தது. அப்பா ஏச்சை நிறுத்தவில்லை.

"இத மொதல்லயே சொல்றதுக்கு என்ன? அஞ்சு வார்த்தை! அதுக்குப் போயி இருபத்தாறு டிகிரியாம், ஈரக் காத்தாம்..."

பூய் சானுக்கு ரோஷம் வந்தது. ஆனால் கயிற்றை விட முடியாது. இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

வேலை முடிந்து குடிசை வாசலில் வந்து உட்கார்ந்தாள். ஆ கிட் நகர்ந்து நகர்ந்து அவளை ஒட்டிக்கொண்டான்.

"அக்கா, கரைக்கு வந்தா புயல் செத்துடுமாமே? எங்க டீச்சர் சொன்னாங்க. ஏன்?"

பூய் சான் இந்த முறை உஷாராக இருந்தாள். கண்ணால் பார்க்கக்கூடியதை மட்டும் சொன்னால் போதும், அல்லவா? அதற்காகத்தானே இப்போது திட்டு வாங்கினாள்!

"ஆமாடா. காத்தோட வேகம் கொறையும். மழை கொறையும். மேகம் கலைஞ்சு போயிடும்."

"அதான் எனக்கே தெரியுமே. ஏன்?"

"சொன்னேனே. வேகம் கொறைஞ்சு, அப்படியே..."

"ஏஏஏன்?"

ஆ கிட்டின் 'ஏன்' கொக்கி மாதிரி. மாட்டிக்கொண்டால் பதில் வராமல் கழலாது.

பூய் சான் பெருமூச்சு விட்டாள். "புயலுக்குச் சாப்பாடே சூடான கடல் தண்ணிதான்டா. தரைக்கு வந்துட்டா அந்தத் தண்ணி கிடைக்காது. அதனால அதுக்குத் தெம்பு போயிடுது. அதோட மலை, வீடு, மரம் எல்லாத்துலயும் உரசிட்டே போகணும். அதனால வேகமும் கொறைஞ்சிடுது."

"ஓ! பசி!" ஆ கிட்டுக்குத் திருப்தி. "பாவம், ஒரு தட்டு நூடுல்ஸ் குடுத்தா நல்லாயிடும்."

மனப்பாடம் செய்த அத்தனை பக்கத்துக்கும் இப்போதுதான் ஒரு வேலை வந்தது என்று பூய் சானுக்குத் தோன்றியது. அப்பாவுக்கு வேண்டாதது இவனுக்கு வேண்டியிருக்கிறது!

ஃபோன் அடித்தது. அம்மா. பின்னால் காற்றும் கூச்சலும் கேட்டன. அபர்டீன் படகுத் துறையில் நிற்கிறாள்.

"ஆ சான், இதுக்கப்புறம் படகு ஓடாதுன்னு பேசிக்கறாங்க. அப்பா ஃபோனை எடுக்க மாட்டேங்கறாரு. நான் இப்ப ஏறி வந்துடவா, இல்ல இங்கேயே சித்தி வீட்ல தங்கிடவா?"

பூய் சான் எட்டிப் பார்த்தாள். அப்பா மிதவையின் ஓரத்தைப் பிடித்தபடி இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வலையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். தானே சொல்ல வேண்டியதுதான்.

"வந்தா வீட்டுக்கு வந்துடலாம்மா. ஆனா படகு ஆடும். சித்தி வீடு பத்திரம். ஆனா அங்க இடம் கம்மி. ரெண்டுலயும் நல்லது இருக்கு, ரெண்டுலயும் கெட்டது இருக்கு."

"அடடா! அது தெரியாமலா ஒனக்கு ஃபோன் பண்ணேன்? படகுக்காரன் கயிறு அவுக்கறான்டி! வரவா, வேணாமா?"

இரண்டு பக்கமும் காலை வைத்துக்கொண்டு நிற்க இது நேரமில்லை. வரைபடத்தை ஒருமுறை பார்த்தாள்.

"வந்துடும்மா."

"ஏன் சொல்ற?"

"புயல் இன்னும் தூரத்துல இருக்கு. காத்து ராத்திரிக்கு மேலதான் ஏறும், அதனால இப்ப படகு ஓடிடும். சித்தி வீடு பத்திரம்தான், ஆனா எட்டாம் எண் ஏறிடுச்சுன்னா அங்கேயே மாட்டிப்ப. இங்க அப்பாவுக்குக் கயிறு பிடிக்க இன்னொரு ஆள் வேணும்."

"ம். இது பதில்." அம்மா ஃபோனை வைத்துவிட்டாள். அடுத்த அரை மணியில் அவள் வந்த படகு துறைக்குள் நுழைந்தது.

பூய் சான் பலகைமேல் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தாள். ஒரே புயல். ஒரே வரைபடம். அப்பாவுக்குக் கொடுத்ததைத் தம்பி வாங்கிக்கொள்ளவில்லை. தம்பிக்குக் கொடுத்ததை அம்மாவிடம் சொல்லியிருந்தால், படகுத் துறையிலிருந்தே செருப்பு பறந்து வந்திருக்கும்.

"ஐயோ!" என்று கத்திவிட்டாள்.

"என்னக்கா? மீன் கடிச்சிடுச்சா?"

அவள் பையைக் கவிழ்த்துப் பழைய கேள்வித்தாளைத் தேடி எடுத்தாள். 'பாதையை விவரி.' இது அப்பா! ஈரக் கையோடு நின்றுகொண்டு எங்கே, எந்தப் பக்கம், எவ்வளவு வேகம் என்று கேட்கிறார். 'காரணம் கூறு.' இது ஆ கிட். ஏஏஏன்? 'முடிவு செய்து, ஏன் என்று எழுது.' இது அம்மா. வரவா, வேணாமா?

நான்கு பக்கம் எழுதி, மூன்று பேருக்கும் தம்பியின் சோற்றையே பரிமாறியிருக்கிறாள்! கிடைத்த நான்கு மதிப்பெண்ணும் அவன் கேள்விக்குத்தான்.

அப்பா தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார். "என்ன தனியா சிரிக்கற?"

"பூன் சார் கேள்வி எங்கன்னு கேட்டாருல்லப்பா? நம்ம மிதவையிலதான் இருந்துச்சு."

அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "சரி, கிடைச்சா நல்லதுதான். அந்த வாளியை உள்ள வை" என்றார்.

*

அன்றிரவு காற்று கிழக்கிலிருந்துதான் வந்தது. கயிறுகளில் ஒன்று நூல் நூலாகப் பிரிந்துபோனது. அதற்குத் துணையாகக் கட்டியிருந்த இரண்டாவது கயிறு தாங்கிக்கொண்டது. விடியும்போது மீன்கள் ஒன்றும் நடக்காததுபோல் தீனிக்கு வாயைப் பிளந்தன.

கூண்டு மூன்றாம் எண்ணோடு நின்றுவிட்டது. படகு ஓடியது. பள்ளிக்கூடமும் உண்டு.

காலைப் படகில் திங் யான் புலம்பித் தள்ளிவிட்டாள். "போன வருஷப் புயலுக்கு எட்டாம் எண், இதுக்கு மூணுதான். அதுக்கு ரெண்டு நாள் லீவு, இதுக்கு அரை நாள் கூட இல்ல. அது பெரிய மரத்தைச் சாய்ச்சுது, இது எங்க வீட்டுத் துணியக்கூடத் தூக்கல. ரெண்டும் வந்தது மட்டும் ஒரே மாதிரி, தெற்கேருந்து."

"நீ ஒருத்தி போதும்டி" என்று சிரித்தாள் பூய் சான்.

மறுதேர்வு பள்ளி முடிந்த பிறகு நடந்தது. எழுத வந்தவர்கள் ஒரு மேசைக்கு ஒருவராக உட்கார்ந்தார்கள். பூன் சார் தாளைக் கொடுத்துவிட்டுத் தேநீரை ஊற்றிக்கொண்டார்.

முதல் கேள்வி, 'படத்திலுள்ள புயலின் பாதையை விவரி.'

அப்பா கேள்வி! பூய் சான் படத்தைப் பார்த்தாள். எங்கே தொடங்கியது, எந்தப் பக்கம் நகர்ந்தது, எங்கே திரும்பியது, எங்கே வேகம் கூடியது என்று எழுதினாள். ஆறே வரி. முடிந்துவிட்டது.

முடிந்துவிட்டதா? கீழே அரைப் பக்கம் காலியாகக் கிடந்தது. அவள் கை அரித்தது. 'கடல்நீர் இருபத்தாறு டிகிரிக்கு மேல்' என்று ஒரே ஒரு வரி? போனால் போகிறது என்று ஒன்று எழுதி வைத்தால் என்ன? பேனா தாளைத் தொட்டேவிட்டது.

'ஜாதகமா எழுதப் போறேன்?' என்று அப்பா கேட்டது காதில் விழுந்தது.

பூய் சான் பேனாவைக் கீழே வைத்தாள். கையைத் தொடைக்குக் கீழே செருகி அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். அவள் வாழ்க்கையில் காலி இடத்தை அப்படியே விட்டது அதுதான் முதல் தடவை.

பூன் சார் எழுந்து வந்தார். "என்னம்மா, ஒடம்பு சரியில்லையா?"

"நல்லா இருக்கேன் சார். அடுத்த கேள்விக்குப் போறேன்."

இரண்டாவது கேள்வி ஆ கிட்டினுடையது. 'காரணம் கூறு.' அதற்கு அவள் தாராளமாக எழுதினாள். ஒவ்வொரு காரணத்துக்கும் பின்னால் 'அதனால்' போட்டு, அடுத்தது என்ன ஆகும் என்று முடித்தாள்.

மூன்றாவது கேள்வியில் திக்கென்றது. 'அட்டவணையிலுள்ள இரண்டு புயல்களையும் ஒப்பிடு.'

ஒப்பிடு? இதை யாரும் கேட்கவில்லையே! அப்பா கேட்கவில்லை. அம்மா கேட்கவில்லை. மிதவையில் இப்படி ஒரு கேள்வியே வரவில்லை. முதல் புயலைப் பற்றி ஒரு பத்தி, இரண்டாவதைப் பற்றி ஒரு பத்தி என்று எழுதினால் சரியாகுமா? அலமாரி உச்சியில் இருக்கும் குச்சிகள் நினைவுக்கு வந்தன. வான் லுங் அவற்றைக் கையில் வைத்துச் சுழற்றுவதுபோல் தோன்றியது.

ஒப்பிடு... ஒப்பிடு... யார் இப்படிப் பேசுவார்கள்?

'என் கையெழுத்து கோழி கிளறினது மாதிரி, ஒன்னுது அச்சு மாதிரி.'

திங் யான்! அவளைத் தவிர வேறு யார்? அவள் ஒன்றைத் தனியாகச் சொல்லி முடித்துவிட்டு மற்றொன்றுக்குப் போவதே இல்லை. அதற்கு எட்டு, இதற்கு மூன்று. அதற்கு லீவு, இதற்கு இல்லை. ஒரே மூச்சில் இரண்டும் வரும். எது ஒரே மாதிரி என்பதையும் விடமாட்டாள்.

பூய் சான் எழுதினாள். 'முதல் புயலின் காற்று வேகம் அதிகம். இரண்டாவதன் வேகம் குறைவு. ஆனால் மழை இரண்டாவதில்தான் அதிகம். இரண்டும் ஒரே மாதத்தில் வந்தவை.' திங் யான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதியதுபோல் இருந்தது.

கடைசிக் கேள்வி, ஒரு தீவுக்குப் படகுப் போக்குவரத்தை நிறுத்தலாமா என்று முடிவு செய்யச் சொன்னது. அவள் மனதுக்குள் அம்மா துறையில் நின்றுகொண்டு கத்தினாள். பூய் சான் வழவழ கொழகொழ என்று இழுக்கவில்லை. இரண்டு பக்கத்தையும் சொல்லி, 'நிறுத்த வேண்டும்' என்று எழுதி, ஏன் என்றும் சொல்லிவிட்டாள்.

மொத்தம் இரண்டு பக்கம்கூட வரவில்லை. தாளைக் கொடுக்கும்போது இன்னொரு முறை புரட்டிப் பார்த்தாள். இவ்வளவு கொஞ்சமாக எழுதிவிட்டு யாராவது பாஸ் ஆவார்களா?

*

வெள்ளிக்கிழமை பூன் சார் விடைத்தாளோடு வந்தார்.

"பூய் சான், ஒரு சந்தேகம். கேள்விகளுக்குப் பக்கத்துல பென்சில்ல என்னமோ எழுதியிருக்க. 'அப்பா', 'அம்மா', புரியுது. 'திங் யான்' இதோ உட்காந்திருக்கா. இந்த 'கிட்' யாரு?"

"என் தம்பி சார். 'ஏன்' கேக்கறதுக்குன்னே பொறந்தவன்."

"நான் எதுக்குடி அதுல?" என்று திங் யான் எகிறினாள்.

"அப்புறம் சொல்றேன். உட்காரு."

சார் தாளை நீட்டினார். இருபதுக்குப் பதினாறு! கீழே சிவப்பு மையில் எழுதியிருந்தது: 'கேள்வி கிடைத்துவிட்டது.'

அன்று மாலை அம்மா அந்தத் தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். காலியாக விட்ட அரைப் பக்கத்தைத் தட்டிக் காட்டினாள்.

"இங்க ஏன் ஒண்ணும் எழுதல?"

"கேக்கலம்மா. அதான்."

அம்மாவின் உதட்டோரம் சிரிப்பு எட்டிப் பார்த்தது. "கை கழுவிட்டுச் சாப்பிட வா. ஒன் குச்சி நாற்காலி மேல இருக்கு."

பூய் சான் திரும்பிப் பார்த்தாள். குச்சிகள் எப்போதோ கீழே இறங்கியிருந்தன.

திங்கட்கிழமை துறை முழுக்கக் கூட்டம். மூங்கில் இலையில் கட்டி அவித்த அரிசிப் பொட்டலங்களின் மணம் கரையெல்லாம் வீசியது. வான் லுங் கரையில் நின்று மூன்றாவது பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு வருத்தம் ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை. ஆ கிட் அப்பாவின் தோளில் ஏறிக்கொண்டு, படகுக்கு ஏன் டிராகன் தலை இருக்கிறது, வால் ஏன் இருக்கிறது என்று பக்கத்தில் நின்றவரைத் துளைத்துக்கொண்டிருந்தான்.

ஐந்து படகுகள் கோட்டில் வந்து நின்றன. பூய் சான் முனையில் உட்கார்ந்து குச்சிகளை உயர்த்தினாள். எதிரே பிள்ளைகள் துடுப்பை நீட்டி, அவள் முகத்தையே பார்த்தார்கள்.

"தயார்!" என்று குரல் வந்தது.

பக்கத்துப் படகில் 'டம்' என்று ஓர் அடி. அந்தப் படகு பாய்ந்தது. அதைப் பார்த்து அடுத்ததும் பாய்ந்தது. இரண்டையும் திட்டித் திருப்பி அனுப்பினார்கள். பூய் சானின் குச்சிகள் தூக்கிய இடத்திலேயே இருந்தன.

மறுபடியும் கோடு. மறுபடியும் "தயார்!"

பூய் சான் அசையவில்லை. கண்ணிமைகூட அசையவில்லை. படகின் பின்முனையில் நின்ற குவாய் மாமாவுக்கே பயம் வந்துவிட்டது.

"ஏ ஆ சான், தூங்கிட்டியா?"

"இல்ல மாமா. இன்னும் அவங்க சொல்லல."

ஊதல் ஒலித்தது.

டம்!